சூட்டுப்பெட்டி

முதலில் பொன்னாயிதான் சொன்னாள்.

“ஏனுங்காத்தா, பொட்டி கடிக்குதுங்க.”

சௌந்திரம் கோழிச்சாளைக்கு வெளியே நிலக்கடலைத் தோல் மூட்டையின் வாயை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சணலை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். பெட்டியைப் பார்க்கவில்லை. பொன்னாயியின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்து சட்டென்று விட்டாள். எத்தனையோ வருஷமாக இந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறவளின் கையை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை.

“எங்க பட்டுச்சு?”

“பொறங்கையிலீங்க. கட்டெறும்பு கடிச்சாப்புல சுருக்குன்னுது.”

“இனிமே நீ அதும்பக்கம் போவாத. எத்தன தடவ சொல்லியிருக்கறேன்? அத நாம் பாத்துக்கறேன்.”

“நீங்க தொட்டா மட்டும் கடிக்காதுங்களா?” பொன்னாயி கையை முந்தானையில் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். “கரண்டுக்குப் பண்ணாடிச்சி ஆரு, பண்ணயத்தாளு ஆருன்னு தெரியுங்களா?”

சௌந்திரம் சிரிக்கவில்லை. கதவோரம் சாய்த்து வைத்திருந்த வேப்பங்குச்சியை எடுத்துச் சுவிட்சை மேலே தட்டினாள். பெட்டியின் முனகல் நின்றது.

எண்பத்திரண்டாம் வருஷம் கார்த்திகை. ஐந்து நாளாக வெயில் முகம் காட்டவில்லை. அடித்துப் பெய்து தீர்க்கிற மழையும் இல்லை. நூல் நூலாகத் தூறிக்கொண்டே இருந்தது. கொல்லிமலை இருக்கிற திசையே தெரியவில்லை. சோளத்தட்டுப் போரில் நீராவி எழுந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானப் பேருந்தில் ஐந்நூறு குஞ்சுகள் வருவதாக நாமக்கல்லிலிருந்து ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முட்டையை விட்டு வெளியே வந்து ஒரு நாளே ஆன குஞ்சுகள். முதல் வாரம் அவற்றுக்குத் தாய்க்கோழியின் வயிற்றுச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைத்தான் பெட்டி கொடுத்துக்கொண்டிருந்தது.

வெறும் பல்பைத் தொங்கவிட்டுக் குஞ்சு வளர்க்கிறவர்கள் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் அந்த வருஷங்களில் கரண்டு முறை வைத்துத்தான் வந்தது. வந்தால் வந்தது, போனால் நாலு மணி நேரம். பல்பு அணைந்தால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரித்துக்கொண்டு சாகும். அதனால் சௌந்திரத்தின் புருஷன் நாச்சிமுத்து, எடப்பாடிப் பக்கமிருந்து ஒரு வயசான மேஸ்திரியைக் கூட்டிவந்து இந்தப் பெட்டியைச் செய்தான். இரும்புத் தகட்டில் இடுப்புயரப் பெட்டி. உள்ளே செங்கல் அடுக்கு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுருள்கம்பி. கரண்டு இருக்கும்போது கல் சூட்டைக் குடித்து வைத்துக்கொள்ளும். கரண்டு போனபிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. சூட்டுப்பெட்டி என்று பேர் வைத்தது பொன்னாயியின் புருஷன் அங்கமுத்து.

அந்தப் பெட்டியைத் தொட்டுத்தான் அவன் செத்தான். மூன்று வருஷத்துக்கு முன், மார்கழியில்.

விடிகாலையில் பார்த்தவள் சௌந்திரம். கரண்டு போயிருந்தது. பெட்டி ஆறிக்கொண்டிருந்தது. அங்கமுத்து பெட்டிக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தான். குஞ்சுகள் மொத்தமும் அவன்மேல் இருந்தன. அக்குளில், கழுத்து மடிப்பில், வேட்டிக்குள், விரித்த உள்ளங்கையில். அவன் உடம்பில் இன்னும் கொஞ்சம் சூடு மிச்சமிருந்தது. தூங்குகிறான் என்று நினைத்து, “ஏன்டா, எந்திரிடா, பொழுது வெளுத்துப்போச்சு” என்று இரண்டு தடவை அதட்டினாள். குஞ்சுகள்தான் தலையைத் தூக்கிப் பார்த்தன.

குடித்துவிட்டு ஈரக்கையோடு தொட்டுவிட்டான் என்று ஊரில் முடிவாயிற்று. அதைச் சொன்னவன் நாச்சிமுத்து. அங்கமுத்து வாரத்தில் ஒரு நாளாவது சாராயம் குடிக்கிறவன்தான் என்பதால் யாரும் மறுக்கவில்லை. போலீசுக்குச் சொல்லவில்லை, பொழுது சாய்வதற்குள் புதைத்தாயிற்று. முந்தின நாள்தான் பொன்னாயி அவனோடு சண்டை போட்டு, “குடிச்சுப்போட்டு ஊட்டுப்பக்கம் வந்தீனா வெளக்கமாறு பிஞ்சுரும்” என்று துரத்தியிருந்தாள். அதனால்தான் சாளையில் படுத்திருந்தான். அவள் அழவில்லை. எல்லாரும் பார்க்கப் பிணத்தின்மேல் ஒரு கை மண்ணை வாரித் தூற்றி, “குடி, இன்னும் குடி” என்றாள். பொன்னாயி குடியிருக்கிற வளவில் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு குஞ்சு வரத்திலும் சௌந்திரம் ஒன்றைப் பார்த்தாள். குஞ்சுகள் பெட்டியைச் சுற்றி வட்டமாகத்தான் படுக்கும். ஆனால் தென்கிழக்கு மூலையில் மட்டும் ஓர் இடம் காலியாக இருக்கும். ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கிற நீளம். நாச்சிமுத்துவிடம் சொன்னதற்கு, தட்டியில் ஓட்டை இருக்கும், காற்று வரும் என்றான். சாக்கை வைத்து அடைத்தாள். அப்போதும் காலிதான். பெட்டி ஆறும்போது தகரம் சுருங்கி டொக், டொக்கென்று இரண்டு சத்தம் கேட்கும். குஞ்சு மிரளக்கூடாது என்று அங்கமுத்து உள்ளே நுழையுமுன் கதவை அப்படித்தான் இரண்டு தட்டுத் தட்டுவான். தகரம்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்று பகல் சாப்பாட்டின்போது நாச்சிமுத்து பேச்சை எடுத்தான். அரிசியும்பருப்புஞ் சோறு, மேலே நல்லெண்ணெய், கடலைச் சட்னி. பொன்னாயி மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து தன் போசியில் களியைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

“பொட்டி கடிக்குதாமா?”

“ஆரு சொன்னா?”

“பொன்னாயிதான் சொன்னா. இனிமே அத வெச்சிருக்கப்படாது. கோயமுத்தூர்லருந்து நாமக்கல்லுக்குப் புதுசு வந்திருக்குது. கரண்டு வேலக்கார மருதாசலங்கிட்டச் சொல்லிப்போட்டேன். நாளைக்கு வண்டில ஏத்திக்கிட்டு வாரேன், அவன் வந்து மாட்டிக் குடுத்துருவான்.”

“எதுக்கு இப்ப புதுசு? இருக்கறது போதும். ஒரு கம்பி மாத்துனாச் சரியாப் போயிரும்.”

“மூணு வருசமா இதையேதான் சொல்ற.”

“வெல என்ன தெரியுமா உங்களுக்கு?”

“ஆயரத்து எட்நூறு.”

“ஆயரத்து எட்நூறா! கெணத்துல தண்ணி இருக்குதா, வெள்ளாமை வந்துச்சா? எதுல குடுப்பீங்க?”

“எருமைய வித்துப்போட்டேன்.”

அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. “எங்கிட்டக் கேக்காமயா?”

“கேட்டா வேண்டாம்ப. உனக்கென்ன சௌந்திரம், அந்தப் பொட்டியில உம் பொறந்தூட்டுச் சீரு எதாச்சும் ஒளிச்சு வெச்சிருக்கறயா? ஒருத்தரையும் தொட உடமாட்டீங்கற. நீயே கூட்டற, நீயே அணைக்கற. கருமி, கருமின்னு ஊரே சொல்லுது. பழைய இரும்புக்கு ஒருத்தி இப்பிடிக் காவலிருக்கறான்னு.”

“சொன்னாச் சொல்லீட்டுப் போறாங்க.”

“இன்னொரு உசுரு போச்சுன்னா ஆரு பதில் சொல்றது?”

அவள் எழுந்து வீட்டுப் பின்புறப் பொடக்காளிக்குப் போய்விட்டாள். சோறு தட்டில் கிடந்தது.

அவள் பெட்டிக்குக் காவலிருக்கவில்லை. பெட்டியை மாற்றினால் குழியைத் தோண்டுவார்கள் என்பதுதான் அவள் பயம். அந்தக் குழியில் என்ன இருக்கிறது என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பெட்டி செய்த எடப்பாடி மேஸ்திரி, சாளைக்கு வடபுறம் இடுப்பளவு ஆழத்துக்குக் குழி வெட்டச் சொன்னார். வெட்டினவன் அங்கமுத்து. கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, நடுவில் ஒரு குழாயை நட்டு, பெட்டியிலிருந்து செம்புக்கம்பி இழுத்து அதில் முறுக்கினார்கள். ‘இதுக்குப் பேரு எர்த்து. தெனமும் ஒரு கொடம் தண்ணி ஊத்தோணும். காய உடப்படாது’ என்று அங்கமுத்துவிடம் சொல்லிவிட்டுப் போனார் மேஸ்திரி. அவன் ஒரு நாள் தவறவில்லை.

பெட்டி வந்த மூன்றாவது வருஷம் மழை இல்லை. கிணற்றில் பாறை தெரிந்தது. மோட்டார் போட்டால் கால்மணி நேரத்தில் காற்றை உறிஞ்சும். மிளகாய்ச் செடி தலை தொங்கி நிற்க, அங்கமுத்து ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கொண்டுபோய் வெறும் குழியில் ஊற்றுவதைச் சௌந்திரம் தினமும் பார்த்தாள். ஒரு நாள் மீட்டர் கணக்கெடுக்க வந்த ஆளிடம் கேட்டாள். “ஏனுங்க தம்பி, இந்தக் குழி எதுக்குங்க?” அவன் சைக்கிளில் ஏறிக்கொண்டே, “அது கரண்டு மண்ணுக்குள்ள எறங்கறதுக்கு வழீங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் சொன்னது பொய்யில்லை. அவள் புரிந்துகொண்டதுதான் வேறு. வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது கரையில் எலிவளை இருந்தால் தண்ணீர் பயிருக்குப் போகாமல் மண்ணுக்குள் போய்விடும். ஓட்டையைக் கண்டால் காலால் மண்ணைத் தள்ளி மிதித்து அடைப்பது எட்டு வயசிலிருந்து அவள் செய்த வேலை. கரண்டு மண்ணுக்குள் இறங்குகிறது என்றால் மீட்டர் சும்மா ஓடுகிறது என்று அர்த்தம். தண்ணீரும் பாழ், கரண்டும் பாழ்.

நாச்சிமுத்து சந்தைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், களைக்கொத்தால் ஒரு சாண் மண்ணைப் பறித்துக் கம்பியை எடுத்தாள். முன்னும் பின்னுமாகப் பத்து இருபது தடவை வளைத்ததில் ஒடிந்தது. முனைகளை மண்ணில் புதைத்து, காலால் மிதித்து, மேலே ஒரு கல்லை வைத்தாள். “இனிமே தண்ணி வேண்டாம், மேஸ்திரி போதும்னு சொல்லியுட்டாரு” என்று அங்கமுத்துவிடம் சொன்னாள். “அப்பிடீங்களா, சரீங்காத்தா” என்றான். அடுத்த கரண்டுக் கணக்கில் பதினோரு ரூபாய் குறைந்தது. கிணற்றில் தண்ணீரில்லாமல் மோட்டார் ஓடாததால் குறைந்தது என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. பொங்கலன்று புருஷனிடம் சொல்லி அவனை ஆச்சரியப்பட வைக்க வேண்டும் என்று மனதுக்குள் வைத்திருந்தாள்.

பொங்கலுக்குள் அங்கமுத்து செத்தான். பிணத்தைப் பார்க்க வந்த கூட்டத்தில், மில்லில் கரண்டு வேலை பார்க்கிற ஒருவன், “எர்த்து இருந்தா ஆளு பொழைக்கோணுமே, எப்பிடிப் போனான்?” என்று பொதுவாகக் கேட்டான். “குடி, ஈரக்கை” என்றான் நாச்சிமுத்து. சௌந்திரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஒரு நாள், ஒடித்த கம்பியைத் திரும்ப முறுக்கிவிடலாம் என்று மண்வெட்டியோடு போனாள். முதல் கொத்தில் கரி வந்தது. கறுப்பாக, ஈரமாக. அவன் கொட்டின கரி. அதற்கு மேல் கொத்த முடியவில்லை. ஆபத்தைத் தானே எடுத்துக்கொள்வது என்று அன்று முடிவு செய்தாள். அதிலிருந்து பலகைமேல் நின்று, டயர்ச்செருப்புப் போட்டு, வேப்பங்குச்சியால் சுவிட்சைத் தட்டி, பெட்டி வேலை முழுவதையும் அவளே செய்தாள். எடுத்தால் தன்னை எடுக்கட்டும் என்று. பெட்டி எடுக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பொழுது உச்சிக்கு ஏறுமுன்பே மருதாசலம் சைக்கிளில் வந்தான். பையில் கொறடும் டெஸ்டரும் கிணுகிணுத்தன. நாமக்கல்லில் கடை வைத்திருக்கிறவன், வாய் ஓயாதவன். பின்னாலேயே நாச்சிமுத்து மாட்டுவண்டியில் புதுப்பெட்டியைக் கொண்டுவந்தான். பச்சைப் பெயின்ட் அடித்து, வைக்கோல் சுற்றி, கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

மருதாசலம் பழைய பெட்டியில் டெஸ்டரை வைத்தான். விளக்கு எரிந்தது.

“அடேயப்பா! ஏனுங்கண்ணா, இத வெச்சுக்கிட்டா இத்தன நாளு பொழப்பு நடத்துனீங்க? ஒடம்பு பூராக் கரண்டு.”

“எங்கூட்டம்மாளக் கேளு. புதுசு வேண்டவே வேண்டாம்னா.”

“அக்கா, சாமியாத்தான் உங்களக் காப்பாத்தியிருக்குது. எர்த்து எங்கீங்க இருக்குது?”

சௌந்திரம் முந்திக்கொண்டாள். “தெக்கால புதுசா வெட்டிக்கலாம் தம்பி. பழைய குழி தூந்து போச்சு. அங்க பாம்புப் புத்து வேற.”

“பாம்புப் புத்தா?” என்றான் நாச்சிமுத்து. “நேத்து அங்கதான எருமைய அவுத்தேன். வடக்கால இருக்குது மருதாசலம். கரி, உப்பு எல்லாம் போட்டது. தொறந்து பாத்துச் சரிபண்ணிக்கோ.”

“இருக்கறத உட்டுப்போட்டுப் புதுசா எதுக்குக் கையக் காயம் பண்றது? ஏனம்மிணி, சித்த மம்பட்டிய எடு.”

அவன் அம்மிணி என்றது பொன்னாயியை. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு போனாள். சௌந்திரம் சாளைக் கதவைப் பிடித்தபடி, தூறலில் பொன்னாயியின் முதுகு குனிந்து நிமிர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கல்லு ஒண்ணு கெடக்குதுங்க.”

“தூக்கிப் போடு அக்கட்டால.”

நாலு கொத்து. மண் ஈரமாக இருந்ததால் சுலபமாக வந்தது. பொன்னாயி உட்கார்ந்து கையால் விலக்கினாள்.

“கம்பி இதா இருக்குதுங்க. துண்டாக் கெடக்குதுங்களே!”

மருதாசலம் குனிந்தான். இரண்டு முனையும் பச்சைக் களிம்பு பிடித்து, ஒன்றை ஒன்று பார்க்காமல் கிடந்தன. நாக்கைச் சப்புக்கொட்டினான்.

“போச்சுங்கண்ணா. எர்த்தே இல்ல. இத்தன வருசமும் இது சும்மா பொதச்சு வெச்ச கம்பி. இது ஒழுங்கா இருந்திருந்தா பொட்டியில கரண்டு பாஞ்ச நிமிசமே பீசு போயிருக்கும். ஆளு போயிருக்க மாட்டான்.”

தூறல் மண்வெட்டியின் தகட்டில் சொட்டுகிற சத்தம் கேட்டது.

“எப்பிடி அந்துச்சு?” என்றான் நாச்சிமுத்து.

“குழிய மூடறப்ப மம்பட்டி பட்டிருக்கும். பட்டதப் பாக்காம மண்ணத் தள்ளீருப்பான். வேல தெரியாதவன் செஞ்சா இப்பிடித்தானுங்க. ஆரு குழி வெட்டுனது?”

பொன்னாயிதான் சொன்னாள்.

“எங்கூட்டுக்காரருங்க.”

வெட்டினவனும் செத்தவனும் ஒருவன்தான் என்று மருதாசலத்துக்குத் தெரியாது. நாச்சிமுத்து அவனுக்குக் கண்ணைக் காட்டினான். பிறகு பொதுவாகச் சொன்னான். “அவன் என்னைக்கு நெதானத்துல வேல செஞ்சான்? குழி வெட்டுன அன்னைக்கும் ஊத்திக்கிட்டுத்தான் வந்திருப்பான்.”

பொன்னாயி குந்தின வாக்கிலேயே இருந்தாள். கம்பியின் ஒரு முனை அவள் விரலிடுக்கில் இருந்தது. “அப்பத் தனக்குத்தானே குழி வெட்டி வெச்சுட்டுத்தாம் போயிருக்கறாரு” என்றாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. “நாங்கூடப் பொட்டியத்தானுங்க வஞ்சுக்கிட்டிருந்தேன். மூணு வருசமா, தெனமும். பொட்டி என்ன பண்ணும்? சரீங்க. எந்திரிங்க, நேரமாவுது. எத வெட்டோணும், எத மூடோணும், சொல்லுங்க.”

கதவைப் பிடித்திருந்த சௌந்திரம் நடந்து வந்தாள். டயர்ச்செருப்பைக் கழற்றாமல் குழியோரத்தில் நின்றாள்.

“அவன் வெட்டல. நாந்தான் ஒடிச்சேன்.”

“என்னது?” என்றான் நாச்சிமுத்து.

“கம்பிய. நாந்தான் கையில ஒடிச்சேன். கரண்டு மண்ணுக்குப் போவுதுன்னு. தண்ணி ஊத்த வேண்டாம்னு அவங்கிட்டச் சொன்னதும் நாந்தான். மேஸ்திரி சொன்னாருன்னு பொய் சொன்னேன்.”

“உனக்கென்ன புத்தி பிசகிப்போச்சா? ஊட்டுக்குள்ள போ. மருதாசலம், இவளுக்கு ரெண்டு நாளாக் காச்சலு. ஒளறறா.”

மருதாசலம் பொன்னாயியின் கையிலிருந்த முனையை வாங்கி வேட்டியில் துடைத்துப் பார்த்தான். தேவையில்லாமல் வந்து மாட்டிக்கொண்டோமே என்பது அவன் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கம்பி அவன் தொழில்.

“ஆமாங்கண்ணா,” என்றான் மெதுவாக. “வெட்டுப்பட்ட வாயி நசுங்கியிருக்கும். இது முறுக்கி ஒடிச்ச வாயி.”

பொன்னாயி எழுந்தாள். எழுந்திருக்க ரொம்ப நேரமானது போலிருந்தது. சௌந்திரத்துக்கு நேராக வந்து நின்றாள். அடிப்பாள் என்றுதான் சௌந்திரம் நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

“அன்னைக்கு அவரு குடிச்சிருந்தாருங்களா?”

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை.

“சொல்லுங்காத்தா. அன்னைக்குப் பொழுதோட அவரப் பாத்தது நீங்கதான. குடிச்சிருந்தாருங்களா?”

“இல்ல.”

“நல்லா ரோசிச்சுச் சொல்லுங்க.”

“நாந்தான் சோத்தப் போட்டேன். கம்மஞ்சோறும் கொள்ளும். பத்தலீங்காத்தான்னு ரெண்டாந்தடவ வாங்கித் தின்னான். தின்னுபோட்டு வட்டலக் கழுவிக் கவுத்து வெச்சான். நாத்தமே இல்ல.”

“அவரு குடிச்சாச் சோறு திங்க மாட்டாரு,” என்றாள் பொன்னாயி. யாரிடமும் இல்லை. “குடிச்சாக் கொமட்டும் அவருக்கு. ஒரு வாயி திங்க மாட்டாரு.”

“பொன்னாயி...”

“நான் மண்ண வாரித் தூத்துனேன் பாத்தீங்களா? நீங்க அங்கதான நின்னீங்க. தூணோரமா. நான் தூத்துறத பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க?”

“ஆமா.”

“குடின்னு சொல்லித் தூத்துனேன்.”

“ஆமா.”

நாச்சிமுத்து நடுவில் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “இத பாரு பொன்னாயி. நடந்தது நடந்துபோச்சு. அவ தெரிஞ்சா செஞ்சா? இப்பக் குஞ்சு வந்துரும், பொட்டி மாட்டோணும். உம் பொண்ணு ஆராயி கண்ணாலத்த நான் நின்னு செஞ்சு வெக்கறேன். உனக்கு என்ன வேணுமோ, வாய்விட்டுக் கேளு, இல்லேன்னு சொல்லமாட்டேன். வெளிய போனாப் போலீசு, கேசு, அது இதுன்னு ரெண்டு குடும்பமும் அலையோணும். நம்ம நாலு பேத்தோட...”

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. சேற்றுக் கையை மண்வெட்டிக் காம்பில் வழித்தாள். மண்வெட்டியைக் குழியோரத்தில் படுக்கப் போட்டாள்.

“ஊட்டுக்கு வா,” என்றாள் சௌந்திரத்திடம்.

மருதாசலம் தலையைக் குனிந்துகொண்டு பையில் எதையோ தேடினான். அவள் பேச்சில் அந்த ‘ங்க’ இல்லாமற் போனதை முதலில் கேட்டவன் நாச்சிமுத்துதான். அவன் முகம் சிவந்தது. “ஆர வா, போங்கற?” என்றான்.

“எம் பொண்ணு இருக்கறா. அவகிட்ட வந்து சொல்லு. அவளப் பாக்க வந்த பனமரத்துப்பட்டிக்காரங்க, குடிச்சுச் செத்தவன் மவன்னு ஒரு வாயி தண்ணிகூடக் குடிக்காமப் போனாங்க. அந்த ராத்திரி அவ என்னையக் கேட்டா, எங்கப்பன் அவ்வளவு குடிச்சாராம்மான்னு. ஆமான்னேன். நானே ஆமான்னேன். வந்து சொல்லு.”

“சௌந்திரம், போனயினா, திரும்ப ஊட்டுக்குள்ள காலெடுத்து வெக்காத. சொல்லிப்போட்டேன்,” என்றான் நாச்சிமுத்து. “பண்ணயத்துக்காரி கூப்புட்டான்னு வளவுக்குள்ள போயி நின்னயினா நம்ம சாதி சனம் என்ன சொல்லும்?”

சௌந்திரம் அவனைப் பார்த்தாள். “குஞ்சுக்குச் சக்கரத் தண்ணி கலக்கி மொடாவுல வெச்சிருக்கறேன். மூக்க நனச்சு நனச்சு உடுங்க,” என்றாள். பொன்னாயி ஏற்கெனவே வரப்பில் பாதி தூரம் போயிருந்தாள். இவள் பின்னால் நடந்தாள்.

வரப்பு வழுக்கியது. டயர்ச்செருப்பு சேற்றில் ஒட்டிக்கொண்டு வரவில்லை; ஒன்றை விட்டுவிட்டு, நாலடி போய் இன்னொன்றையும் விட்டாள். சாலையில் பேருந்து நின்று ஹாரன் அடித்தது. அட்டைப்பெட்டிகளை இறக்குகிறார்கள். ஐந்நூறு குஞ்சும் ஒரே குரலில் கத்துவது தூறலுக்குள் இங்கே வரை கேட்டது. நாச்சிமுத்து, “அடுப்புக்கரி இருக்குதா பாரு மருதாசலம், சட்டியில தீ மூட்டு” என்று கத்தினான். அவள் திரும்பவில்லை.

தெற்கு வளவில் பதினாலு வீடு. இருபது வருஷமாகத் தன் தோட்டத்திலிருந்து அந்தக் கூரைகளைப் பார்த்திருக்கிறாள், உள்ளே வந்ததில்லை. வாசலில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்த மாரக்காள், முன்னால் பொன்னாயியையும் பின்னால் வெறுங்காலோடு பண்ணாடிச்சியையும் பார்த்துக் கயிறைக் கீழே விட்டாள். “ஏனுங்காத்தா, ஆருக்கு என்னாச்சுங்க?” என்றாள். பதில் வராததால் அவளும் பின்னால் வந்தாள். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு கிழவன் கம்பளியோடு எழுந்து வந்தான்.

பொன்னாயி வீட்டுக் கதவு இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. சௌந்திரம் குனிந்தாள். தலை இடித்தது, இன்னும் குனிந்தாள்.

ஆராயி கடலை உடைக்கிற மில்லுக்குப் போகாமல் மழைக்கு வீட்டிலிருந்தாள். பதினேழு வயசு. அங்கமுத்துவின் அகலமான நெற்றி. தோட்டத்து ஆத்தாவைப் பார்த்ததும் பதறி எழுந்து, உட்காரப் போட எதையாவது தேடினாள். ஒன்றும் கிடைக்காமல் தான் படுத்திருந்த சாக்கையே உதறி விரித்தாள்.

“உக்காருங்காத்தா. காப்பித்தண்ணி வெக்கட்டுங்களா? குடிப்பீங்களா?”

“ஒண்ணும் வெக்காத,” என்றாள் பொன்னாயி. “இவ ஒண்ணு சொல்றதுக்கு வந்திருக்கறா. கேட்டுக்க.”

தாய் பேசிய விதத்தில் பெண் மிரண்டுபோய் இருவரையும் பார்த்தாள்.

சௌந்திரம் சாக்கில் உட்காரவில்லை. கூரைக்குக் கீழே நிமிரவும் முடியவில்லை. வளைந்து நின்றபடி, “உங்கப்பன் அன்னைக்குக் குடிக்கல சாமி” என்று ஆரம்பித்தாள். கம்பி, குழி, தண்ணி என்று சொற்கள் தனித்தனியாக விழுந்தன. ஆராயிக்குப் புரியவில்லை. வாசலில் நின்றவர்கள், என்ன, என்ன என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள்.

“சத்தமாச் சொல்லு,” என்றாள் பொன்னாயி. “குடிச்சுச் செத்தான்னு அன்னைக்கு உம் புருசன் வளவுக்கே கேக்கறாப்புலதான சொன்னான்?”

சௌந்திரம் மூச்சை இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். முதலிலிருந்து மறுபடியும் தொடங்கினாள்.